பின்சீட்டுப் பேச்சு

சேந்தன்பேட்டையில் ஒரு கலியாணம் முடிவானால் நாங்கள் முதலில் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, மண்டபம் பார்ப்பதில்லை, தவசிக்கனி அண்ணாச்சி வீட்டுப் பிளசர் என்றைக்குக் காலியாக இருக்கிறது என்றுதான் பார்ப்போம், ஏனென்றால் அவருடைய அப்பா காலத்திலிருந்து இந்த ஊரில் மாலை மாற்றிய அத்தனை ஜோடியும், கோயிலில் தாலி கட்டியவர்களும் சர்ச்சில் மோதிரம் மாற்றியவர்களும் பள்ளிவாசலில் கையெழுத்துப் போட்டவர்களும், அந்தச் சந்தன நிறப் பழைய காரின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் மேளத்துக்கோ பேண்டுக்கோ பின்னால் ஊர்ந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். அதைக் கார் என்று சொன்னால் எங்களுக்குக் கோபம் வரும். கார் என்பது ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் போகிற சாமான். இது பிளசர்.

பிளசருக்கு ஒரு சடங்கும் உண்டு. ஜோடி ஏறுவதற்கு முன்னால் பெண்ணின் தாய்மாமன் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, இன்ஜினுக்குக் கீழே எண்ணெய் தங்குகிற தகரச் சட்டியை, அதாவது மெக்கானிக்குகள் சேம்பர் என்று சொல்கிற சட்டியைச் சுற்றியிருக்கும் போல்ட்டுகளில் ஏதாவது ஒன்றை ஸ்பானர் போட்டு ஒரு திருகு இறுக்கிவிட்டு வர வேண்டும். அப்படி இறுக்கினால் தம்பதி பிரிய மாட்டார்கள் என்று யார் சொன்னார்களோ தெரியாது, ஆனால் எந்த மாமனும் லேசாக இறுக்கியதாகச் சரித்திரம் இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, போன கலியாணத்து மாமனைவிட ஒரு சுற்றாவது கூடுதலாக இறுக்கினால்தான் மருமகள் மேல் பாசம் என்று அர்த்தம். வேட்டியில் பட்ட கறையைத் துவைக்காமல் வருசக்கணக்கில் காட்டித் திரிந்தவர்களும் உண்டு.

இப்படி இறுக்கி இறுக்கி, ஒரு வைகாசி மாதக் காலையில், பிளசர் ஒழுக ஆரம்பித்தது.

முதலில் பார்த்தது வடிவு மதினி. அண்ணாச்சியின் மனைவியான அவள் எங்கள் ஊரில் சின்னவர் பெரியவர் எல்லோருக்குமே மதினிதான். ஷெட்டைக் கூட்டப் போனவள் தரையில் கறுப்பாக ஒரு பொட்டைக் கண்டு, சிமெண்டுத் தரை வீணாகப் போகிறதே என்று பழைய அலுமினியத் தாம்பாளம் ஒன்றை அடியில் தள்ளிவிட்டாள். அடுத்த சொட்டு டொக்கென்று தாம்பாளத்தில் விழுந்தது, விழுந்த கையோடு ஒரு இளம்பெண்ணின் குரலில், "மாலை கழுத்தக் குத்துது, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றது. மதினி விளக்குமாற்றை நிறுத்தாமல், இது கம்பவுண்டர் பொண்டாட்டி பிச்சம்மாள் குரலாச்சே என்று நினைத்துக்கொண்டு மிச்சத்தையும் கூட்டி முடித்தாள். சாயங்காலம் கடைத்தெருவில் பிச்சம்மாளைப் பார்த்தபோது தகவல் சொல்லவும் மறக்கவில்லை.

"உன் பேச்சு ஒண்ணு எங்க ஷெட்டுல சொட்டிட்டு, பிச்சம்மா."

"என்ன பேசுனேன் மதினி?"

"மாலை குத்துதாம்."

"ஆமா, நார் மாலை. எங்க சித்தப்பா பண்ணுன சிக்கனம்," என்றாள் பிச்சம்மாள். மறுநாள் காலையில் வேறு ஏதாவது சொட்டுகிறதா என்று பார்க்க அவளே ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஊர் அந்த ஷெட்டை விட்டு நகரவில்லை. பின்சீட்டில் உட்கார்ந்து புதுசாகக் கலியாணம் ஆனவர்கள் காதோடு காதாகப் பேசியதெல்லாம் எப்படியோ இறங்கி இன்ஜின் எண்ணெயில் ஊறிக் கிடந்திருக்கிறது, இப்போது சொட்டுக்கு ஒரு பேச்சாக வெளியே வருகிறது, அவ்வளவுதான், இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்பதுதான் எங்கள் எண்ணம். எங்களுடைய கவலையெல்லாம் உட்கார இடம் கிடைக்குமா, வெயில் படாமல் பந்தல் போடலாமா, சுண்டல்காரரை உள்ளே விடலாமா என்பதைப் பற்றித்தான் இருந்தது. ரைஸ்மில் பால்பாண்டி மாப்பிள்ளையாக இருந்த காலத்துக் குரல், "உங்கப்பா மீசையப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு" என்று சொட்டியபோது, தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த அவருடைய மாமனார் அங்கேயே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மறுநாளிலிருந்து பழையபடி மீசையை முறுக்க ஆரம்பித்தார். கலியாணத்தன்று பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று நாற்பது வருசமாகச் சொல்லிவந்த தலைமையாசிரியரின் குரல், "கைக்குட்டைல ரெண்டு வடை வெச்சிருக்கேன், உனக்கு ஒண்ணு வேணுமா" என்றது. லூர்தம்மாளின் வீட்டுக்காரர் இறந்து பல வருசம் ஆகிவிட்டது. "கால் வலிக்குதா, செருப்பக் கழத்திப் போட்டுட்டு உக்காரு புள்ள" என்று அவர் குரல் வந்தபோது அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்து போனாள்.

சிலர் செல்போனில் பதிவு செய்து பார்த்தார்கள், டொக் என்ற சத்தம் மட்டும்தான் பதிந்தது. ஷெட்டில் கேட்டதைக் குரலுக்குச் சொந்தக்காரரிடம் தவிர வேறு யாரிடமும் சொல்லக்கூடாது என்று ஒரு கட்டுப்பாடு போட்டோம், ஷெட்டின் வாசல்வரை அதை ஒழுங்காகக் கடைப்பிடிக்கவும் செய்தோம்.

இவ்வளவு பேருக்கு நடுவில், சிரிக்காமலும் அழாமலும், காப்பியை ஆறவிட்டுக்கொண்டு, தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருவர்தான். வண்டிக்குச் சொந்தக்காரரான தவசிக்கனி அண்ணாச்சி.

அவருடைய கதை இது. அவரும் மதினியும் கலியாணமாகி இதே பின்சீட்டில்தான் வந்தார்கள், அவருடைய அப்பா ஓட்டினார், கடைத்தெரு வளைவில் மேளக்காரர்கள் மல்லாரியை உச்சத்துக்குக் கொண்டுபோக, பட்டாசுக்கடைக்காரர் தன் பங்குக்கு ஒரு சரத்தைக் கொளுத்திப்போட, சரியாக அந்த நேரம் பார்த்துப் புதுப்பெண் அவர் பக்கம் திரும்பி ஏதோ ஒன்று கேட்டாள். அவருக்கு ஒரு எழுத்துக்கூடக் காதில் விழவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில் வீடு வருகிறவரைக்கும் அவருக்குத் தரையே தெரியவில்லை, அப்படிப்பட்ட சிரிப்பைக் கெடுத்து என்ன கேட்டாய் என்று எந்த மாப்பிள்ளைதான் கேட்பான்? அவர் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சின்னச் சண்டையோ பெரிய சண்டையோ, எந்தச் சண்டையாக இருந்தாலும் மதினி கடைசியில் சேலை முந்தானையை உதறிக்கொண்டு, "அன்னைக்குப் பிளசர்ல சரின்னு சொன்ன ஆளுதான நீங்க" என்று ஒரு வார்த்தை போடுவாள், அண்ணாச்சி அதோடு வாயை மூடிக்கொள்வார். தாம் எதற்குச் சரி சொன்னோம் என்று தெரியாத மனிதர் எப்படி எதிர்த்துப் பேச முடியும்?

ஒருவேளை வளையலாக இருக்கும் என்று நினைத்து வளையல் வாங்கி வந்தார். மதினி போட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் அன்னைக்குக் கேட்டது இது இல்லல்லா" என்றாள். ஊஞ்சல் வந்தது, கிரைண்டர் வந்தது, குற்றாலத்தில் வீடு எடுத்துச் சீசன் முழுக்கத் தங்கினார்கள், பொடி போடுகிற பழக்கத்தை விட்டார், கொல்லையில் நாரத்தை மரம் வைத்தார், அவளுடைய தம்பியோடு இருந்த பேச்சுவார்த்தை இல்லாத பகையைக்கூடத் தீர்த்துக்கொண்டார், ஒவ்வொன்றுக்கும் மதினி சந்தோசமாகத் தலையை ஆட்டிவிட்டு, இது இல்லை என்றுதான் சொன்னாள். சுருக்கமாகச் சொன்னால், எங்கள் ஊரிலேயே நல்ல புருசன் என்று அவருக்குப் பேர் வந்தது அவருக்குக் காது கேட்காமல் போன அந்த ஒரு நிமிசத்தால்தான். ஆனாலும் வாக்குக் கொடுத்து நிறைவேற்றாத மனிதனாக அவள் முன்னால் தினமும் எழுந்து நிற்பது அவருக்கு உள்ளுக்குள் வலித்தது. இப்போது அந்தப் பேச்சு எந்தச் சொட்டிலாவது வந்தே தீரும் என்று ஆனபிறகு, அவர் சாப்பாட்டைக்கூட ஷெட்டுக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

மதினி இன்னொரு கணக்கில் இருந்தாள். அவளுடைய அண்ணன் பேத்தி கோமதிக்கு ஆவணியில் கலியாணம். "வீட்டுல பாதி ஊரு உக்காந்து காப்பி குடிக்கி, வண்டி நிக்கிற எடமெல்லாம் எண்ணெயா ஒழுகுது. எண்ணெ வத்தி இன்ஜின் பிடிச்சிக்கிட்டா கோமதி நடந்தா போவா?" என்று கேட்டுவிட்டு அவளே ஆள் அனுப்பி மைதீன்பிச்சையை வரவழைத்தாள்.

மைதீன் பாய் எங்கள் ஊர் மெக்கானிக். ஒழுகல் என்று வந்தால் அவர் எடுத்த எடுப்பில் ஸ்பானரைத் தொட மாட்டார். மேலே எங்காவது கசிந்து கீழே வழிந்தாலும் சேம்பர்தான் ஒழுகுவது மாதிரித் தெரியும் என்பதால், இன்ஜினின் அடிப்பக்கம் முழுவதையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மதினியின் முகப்பவுடர் டப்பாவை வாங்கி மேலும் கீழுமாகத் தூவி, பிளசரைக் கலியாணப்பெண் மாதிரி வெள்ளையாக்கி, இன்ஜினை ஓடவிட்டார். பவுடர் நனைந்த இடம் தெளிவாகத் தெரிந்தது. சேம்பரின் விளிம்புதான், அதுவும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பக்கத்தில்.

"அண்ணாச்சி, கீழ வாங்க, ஒண்ணு காட்டுதேன்," என்றார்.

அண்ணாச்சியும் சாக்கை விரித்து அடியில் போய்ப் படுத்தார். வெளியில் எங்கள் கால்கள் மட்டும் தெரிகிற அந்த இடத்தில் மைதீன் குரலைத் தணித்துச் சொன்னார்.

"ஊர் மாமன்மாரு எல்லாஞ் சேந்து செஞ்ச வேலை இது. இறுக்கி இறுக்கி, போல்ட்டு இருக்கிற எடமெல்லாம் தகடு உள்ள குழிஞ்சிட்டு, நடுவுல தூக்கிட்டு. இனி எம்புட்டு இறுக்குனாலும் அம்புட்டு ஒழுகும். கழத்தித் தட்டி நேராக்கி, சேம்பருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல புது பேக்கிங் போடணும்."

"கொஞ்ச நாள் போட்டும் மைதீன். பேக்கிங் வரலன்னு சொல்லிரும்."

"பேக்கிங் என் கையில இருக்கு. மதினி பாத்துட்டாவ."

அண்ணாச்சி தலையைத் திருப்பி, வெளியில் நின்ற கால்களில் மதினியின் கால் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, ஒரு புருசன் தன் மனைவியைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிடப் பத்திரமான இடம் கிடைக்காது என்று தோன்றியதோ என்னவோ, மொத்தத்தையும் சொல்லிவிட்டார். மைதீன் ஸ்பானரை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

"இத்தன வருசமாவா அண்ணாச்சி?"

"இத்தன வருசமா."

"என்னன்னு கேட்டிருக்கலாம்லா?"

"மொத நாளே கேட்டிருக்கணும்வே. ரெண்டாம் நாள் கேட்டா, மொத நாள் சொன்ன சரி பொய்யாப் போயிரும். பெறகு எப்பிடிக் கேக்க?"

"எம் பொண்டாட்டி பேசுதது ஒவ்வொண்ணும் எனக்கு நல்லாவே கேக்கும். அதுலயும் பிரயோசனம் ஒண்ணுமில்ல," என்றார் மைதீன். சிறிது யோசித்து, "அது இருக்கட்டும், பின்சீட்டு மிதியடி வலது காலு பக்கம் மட்டும் தேஞ்சு ஓட்டை விழுந்திருக்கு. அங்கன உக்காந்து யாரு பிரேக்கு பிடிக்கது?" என்று கேட்டார்.

"அவதான். நான் ஓட்டுத லட்சணம் அப்பிடின்னு சொல்லுவா."

மைதீன் பாய் இந்தப் பேச்சை யாரிடமும் சொல்லவில்லை. எங்களிடம் மட்டும்தான் சொன்னார்.

ஆடி பிறந்தும் அண்ணாச்சியின் சொட்டு வரவில்லை, மதினிக்குப் பொறுமை போய்விட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளே முன்னின்று வேலையைத் தொடங்கவைத்தாள். மைதீன் பெரிய சட்டியை வைத்து அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினார். எண்ணெய் மொத்தமாகக் கொட்டியது, கொட்டிய வேகத்தில் இந்த ஊரில் நடந்த எல்லாக் கலியாணமும் ஒரே முகூர்த்தத்தில் நடந்ததுபோல அத்தனை குரலும் ஒன்றாகக் கிளம்பின, சிரிப்பும் சிணுங்கலும், கேட்டதும் கொடுத்ததும், ஏங்க என்பதும் என்னட்டி என்பதும், யார் பேச்சு யாருடையது என்று பிரிக்க முடியாமல் எங்கள் எல்லோர் மேலும் வந்து மோதின. நாங்கள் ஆனந்தமாகக் கேட்டுக்கொண்டு நின்றோம், மாமனார்கள் கைதட்டினார்கள். அண்ணாச்சி மட்டும் காதைச் சட்டியின் பக்கம் சாய்த்து, ஒன்றையும் பிரித்தெடுக்க முடியாமல், கடைசிச் சத்தமும் அடங்கியபிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்குப் பாவமாக இருந்தது. ஒவ்வொருவராகக் கலைந்து, நெருங்கியவர்கள் சில பேர் மட்டும் நின்றோம்.

மைதீன் போல்ட்டுகளை எல்லாம் கழற்றிச் சேம்பரை இறக்கிச் சாக்கின் மேல் வைத்தார். அடியில் வண்டல், பல வருசத்துப் பிசுக்கு. அதை மரக்குச்சியால் வழித்துக்கொண்டே வந்தவர் ஒரு மூலையில் கையை நிறுத்தினார். வண்டலுக்குக் கீழே புளிக்கரைசல் மாதிரிக் கெட்டியாக ஒரே ஒரு சொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாச்சியைப் பார்த்தார். அந்த நேரம் மதினி காப்பித் தட்டோடு ஷெட்டுக்குள் வந்தாள். மைதீன் சேம்பரை மெதுவாகச் சாய்த்தார், சொட்டு விளிம்புவரைக்கும் வந்து, தொங்கி, யோசித்து, தாம்பாளத்தில் விழுந்தது.

"இந்த வண்டிய ஓட்ட எனக்கும் சொல்லித் தருவியளா?" என்றது மதினியின் சின்ன வயசுக் குரல்.

ஒரு சொட்டுக்கு ஒரு குரல் என்பதுதான் அதுவரை வழக்கம். இந்தச் சொட்டில் இரண்டு குரல் இருந்தது. "சரி," என்றது இளந்தாரியான தவசிக்கனியின் குரல், கொஞ்சம் கம்மி, கொஞ்சம் பயந்து.

மதினி தட்டைக் கீழே வைத்தாள்.

"இப்பவாது காதுல விழுந்துச்சா?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். "எனக்குக் கேக்கலன்னு ஒனக்குத் தெரியுமா?"

"கேட்ட மனுசன் மூஞ்சி அப்பிடியா இருக்கும்? வெடிச்சத்தத்துல முழிச்சிக்கிட்டு மாடு மாதிரித் தலைய ஆட்டுனிய. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல."

"பெறகு ஏன் வடிவு சொல்லல?"

"என்ன கேட்டன்னு ஒரு வாட்டி கேப்பிய, அப்பச் சொல்லிருவோம்னு இருந்தேன். நீங்க கேக்கல. வளையல் வந்துச்சு. ஊஞ்சல் வந்துச்சு. குத்தாலம் போனோம். சரி, வாரது வரட்டும்னு நானும் விட்டுட்டேன்." மதினி சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "ஆனா ஒவ்வொரு வாட்டி நீங்க எதையாது தூக்கிட்டு வரையிலயும், இன்னைக்காது கையில சாவி இருக்காதான்னுதான் மொதல்ல பாப்பேன்."

அண்ணாச்சி இடுப்பில் செருகியிருந்த பிளசரின் சாவியை எடுத்து நீட்டினார். மதினி வாங்கினாள்.

"வண்டி பிரிச்சிக் கெடக்கு அண்ணாச்சி. ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுங்க," என்றார் மைதீன்.

சேம்பரின் விளிம்பை ஒரு மரக்கட்டையில் வைத்து, குழிந்த இடத்தையெல்லாம் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்கி, கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து எங்கேயும் வெளிச்சம் நுழையவில்லை என்று பார்த்து, பழைய பேக்கிங்கின் துணுக்குகளைச் சுரண்டித் துடைத்து, புது கார்க் பேக்கிங்கைப் பதித்து, எல்லா போல்ட்டையும் முதலில் விரலால் மட்டுமே திருகி ஏற்றினார். பிறகு நடுவில் தொடங்கி, இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம், மறுபடி இந்தப் பக்கம் கொஞ்சம் என்று சுற்றிச்சுற்றி வந்தார். பேக்கிங் லேசாக அமுங்கியதும் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டார். வேடிக்கை பார்த்த மாமன்மாருக்கு அது பொறுக்கவில்லை, இன்னும் ஒரு திருகு, ஒரே ஒரு திருகு என்று கெஞ்சினார்கள். அவர் ஸ்பானரைத் தன் பையில் போட்டுப் பூட்டிக்கொண்டார். புது எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்த்ததில் தாம்பாளம் காய்ந்தே கிடந்தது. பேச்சும் அதோடு நின்றது. முக்காலிகளை எல்லாம் நாங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

மதினிக்குச் சொல்லித் தர அண்ணாச்சிக்கு அதிகம் ஒன்றுமில்லை. அத்தனை வருசமாகப் பின்சீட்டிலிருந்து அவருடைய கையையும் காலையும் பார்த்துப் பார்த்து அவள் எல்லாவற்றையும் படித்து வைத்திருந்தாள், பள்ளிக்கூட மைதானத்தில் முதல் நாளே கியரை அவரைவிடச் சுத்தமாகப் போட்டாள். அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, வேப்பமரம் வருகிறபோதெல்லாம் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தார்.

ஆவணியில் கோமதியின் கலியாணத்தன்று பிளசரின் முகப்பில் மல்லிகைச் சரத்துக்கு நடுவே சிவப்பாக எல் எழுத்து தொங்கியது. ஸ்டீரிங்கில் பட்டுச்சேலையோடு மதினி. பக்கத்தில் அண்ணாச்சி. தாய்மாமன் வழக்கம்போல ஸ்பானரோடு வந்து குனிந்தார், மைதீன் பாய் அதை வாங்கி வைத்துக்கொண்டு, "கையால தொட்டு, சிக்குன்னு இருக்கான்னு மட்டும் பாருங்க மாமா, போதும்" என்றார். தாய்மாமனுக்கு முகம் வாடிவிட்டது, ஆனாலும் படுத்துத் தொட்டுப் பார்த்துவிட்டு, கறை படாத வேட்டியோடு எழுந்தார்.

ஊர்வலம் கடைத்தெரு வளைவுக்கு வந்தது. மேளக்காரர்கள் மல்லாரியை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள், பட்டாசுக்கடையிலிருந்து வழக்கம்போல ஒரு சரம் கிளம்பியது, சரியாக அந்த நேரம் பார்த்துக் கோமதி மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். மதினி கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் முழித்தான். தலையை ஆட்டப் போனான்.

மதினி பிரேக்கை மிதித்தாள். இன்ஜினை நிறுத்தினாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மேளத்தை நிறுத்தச் சொன்னாள், மேளம் நின்றது. சரம் வெடித்துத் தீர்கிறவரை ஊர் மொத்தமும் நடுத்தெருவில் நின்றது. பிறகு அண்ணாச்சி பின்னால் திரும்பி மாப்பிள்ளையிடம் சொன்னார்.

"என்ன கேட்டான்னு கேளுங்க, மாப்பிள்ளை."